ஊர் தானாகக் காலியாவதில்லை

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதிலாக, ஜப்பானில் யூபரி என்ற நிலக்கரி ஊர் திவாலான கதையை நாலு வரியில் சொல்லியிருந்தேன். அதைத் தொட்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்காமல், சுருங்கிக்கொண்டிருக்கும் ஊர்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

வாசகர், நெய்வேலி: ஒரு கம்பெனி திவாலாவது புரிகிறது. ஒரு ஊர் எப்படி ஐயா திவாலாகும்? யூபரி பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

நெய்வேலியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

யூபரி ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோ தீவில் இருக்கிறது. 1960-இல் அங்கே கிட்டத்தட்ட 1,17,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 7,000 பேர்கூட இல்லை. நடுவில் நடந்தது இதுதான்: ஜப்பான் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, 1981-இல் ஒரு சுரங்கத்தில் எரிவாயு வெடித்து 93 பேர் இறந்தார்கள், 1990-இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. சுரங்க ஊர்களில் வீடு, மருத்துவமனை, குளியலறை, தண்ணீர்க் குழாய் எல்லாமே கம்பெனியுடையது. கம்பெனி கிளம்பியதும் அவ்வளவும் நகராட்சியின் தலையில் வந்து விழுந்தது. வரி கட்ட ஆளில்லாத நகராட்சி, கடன் வாங்கி அவற்றை எடுத்துக்கொண்டது. அதோடு நிற்கவில்லை, சுற்றுலாவை நம்பி நிலக்கரி அருங்காட்சியகம், கேளிக்கைப் பூங்கா, ஓட்டல், பனிச்சறுக்கு மைதானம் என்று மேலும் கடன் வாங்கிக் கட்டியது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணத்தைப் புரட்டி, வருஷக் கடைசியில் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டே வந்தார்கள். 2006-இல் குட்டு உடைந்தது. 2007-இல் நகராட்சி முறைப்படி மத்திய அரசின் கண்காணிப்புக்குள் போனது. திருப்பிக் கட்ட வேண்டிய கடன் சுமார் 3,500 கோடி யென்.

அப்புறம் வெட்டினார்கள். 171 படுக்கைகள் இருந்த மருத்துவமனை 19 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையாகச் சுருங்கியது. தொடக்கப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒன்றானது, நடுநிலைப் பள்ளிகளும் அப்படியே. ஊழியர் சம்பளம் குறைந்தது, மக்களின் வரி கூடியது. 2019-இல் ஊருக்கு வந்த ரயில் பாதையையும் மூடினார்கள். பொய்க்கணக்கு எழுதியது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நூறு வருஷம் நிலக்கரி எடுத்து ஒரு நாட்டின் ஆலைகளை ஓட்டிய ஊரில், லாபம் பார்த்தவர்கள் போன பிறகு, பில்லை மட்டும் அங்கேயே இருந்துவிட்ட கிழவர்களிடம் நீட்டியது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

வாசகி, கோவில்பட்டி: இது ஜப்பானின் பிரச்சினைதானே? அங்கேதான் குழந்தைகளே பிறப்பதில்லையே. மற்ற நாடுகளிலும் ஊர்கள் இதே மாதிரிதான் காலியாகின்றனவா?

பிறப்பு விகிதம் குறைவது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மெக்டவல் என்ற மாவட்டத்தைப் பாருங்கள். அதுவும் நிலக்கரிதான். 1950-இல் அங்கே கிட்டத்தட்ட 99,000 பேர், 2020-இல் 19,000-சொச்சம். அமெரிக்காவில் குழந்தை பிறக்காமல் போய்விடவில்லை, மொத்த மக்கள்தொகை அந்தக் காலத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, ஆனாலும் மெக்டவல் காலியானது. 1961-இல் கென்னடி அரசு ஏழைகளுக்கு உணவுக் கூப்பன் கொடுக்கத் தொடங்கியபோது முதல் கூப்பன் போனது இந்த மாவட்டத்துக் குடும்பத்துக்குத்தான். சின்னக் கடைகளை எல்லாம் வால்மார்ட்டின் பெரிய கடை ஓரங்கட்டியது, 2016-இல் அந்த வால்மார்ட்டும் மூடிக்கொண்டு போனது. காய்கறி வாங்க மலைப்பாதையில் பல மைல் கார் ஓட்ட வேண்டிய நிலை.

சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் ஹெகாங். அதுவும் நிலக்கரி ஊர். வீட்டு விலை சரிந்து, ஒரு காரின் விலைக்கு அடுக்குமாடி வீடு கிடைக்கும் ஊர் என்று சீனா முழுவதும் பேசப்பட்டது. 2021 கடைசியில் நகர நிர்வாகம் நிதிச் சீரமைப்பைக் காரணம் காட்டி, புதிதாக ஆள் எடுப்பதையே ரத்து செய்தது.

நிலக்கரி மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன். ஐந்நூறு வருஷமாகப் பிடித்த மீன், ராட்சதக் கப்பல்கள் வந்து வாரியதில் அழிவின் விளிம்புக்குப் போக, 1992 ஜூலை 2-ஆம் தேதி மத்திய அரசு மீன்பிடிக்கே தடை போட்டது. சுமார் 30,000 பேருக்கு ஒரே அறிவிப்பில் வேலை போனது. இரண்டு வருஷம்தான் என்று சொன்ன தடை 2024 வரை நீண்டது. அதற்குள் ஒரு தலைமுறையே ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்குப் போய்விட்டது.

ஆக, ஜனநாயகமோ ஒரே கட்சி ஆட்சியோ, பணக்கார நாடோ வளரும் நாடோ, வரிசை ஒன்றாகத்தான் இருக்கிறது. ஊர் ஒரே தொழிலை நம்பியிருக்கிறது, அந்தத் தொழிலை நடத்துவதா நிறுத்துவதா என்ற முடிவு எங்கோ தலைநகரத்திலோ பங்குச் சந்தையிலோ எடுக்கப்படுகிறது. வேலை போனதும் முதலில் வாலிபர்கள் கிளம்புகிறார்கள், அதிலும் படித்த பெண்கள். (2014-இல் ஜப்பானில் முன்னாள் அமைச்சர் மசுதா ஹிரோயா தலைமையிலான குழு 896 ஊராட்சி, நகராட்சிகள் அழிந்துபோகக்கூடும் என்று பட்டியல் போட்டது. அவர்கள் அளந்தது மொத்த ஜனத்தொகையை அல்ல, 20 முதல் 39 வயதுப் பெண்களின் எண்ணிக்கை 2040-க்குள் பாதியாகுமா என்பதை. பலருக்குக் கோபம் வந்தது, வந்ததில் நியாயமும் உண்டு, பெண்கள் ஏன் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே.) பிறகு பள்ளி, பிறகு பிரசவ வார்டு, பிறகு பஸ், வங்கி, தபால் நிலையம்.

ஆசிரியர், புதுக்கோட்டை: ஆள் குறைவதால் பள்ளியை மூடுகிறார்களா, பள்ளியை மூடுவதால் ஆள் குறைகிறதா?

இரண்டும் நடக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரே கனம் இல்லை. வேலை போன ஊரில்கூட, வயதான அப்பா அம்மாவுக்காகவோ சொந்த வீட்டுக்காகவோ இருந்து பார்க்கலாம் என்று நினைக்கும் இளம் தம்பதி இருப்பார்கள். பள்ளி மூடிய அன்று அவர்களும் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஊருக்குக் குழந்தையோடு யாரும் குடிவர மாட்டார்கள்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஊர் ஜப்பானின் ஓகி தீவுகளில் இருக்கும் அமா. 2,000-சொச்சம் பேர். ஊராட்சி திவாலின் விளிம்பில் நின்றபோது, அங்கிருந்த தலைவர் முதலில் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார், ஊழியர்களும் தாங்களாகவே முன்வந்து குறைத்துக்கொண்டார்கள். மிச்சமான பணத்தில் ஒரு பகுதி குழந்தைகளுக்கான திட்டங்களுக்குப் போனது. அங்கேயுள்ள மூன்று தீவுகளுக்கும் சேர்த்து இருந்தது ஒரே மேல்நிலைப் பள்ளி, 2008 வாக்கில் மாணவர் எண்ணிக்கை 90-க்குக் கீழே போய் மூடும் நிலை. வழக்கமாக என்ன செய்வார்கள்? ‘ஆளில்லை, மூடிவிடுவோம்’ என்பார்கள். இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். டோக்கியோ, ஒசாகா பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் அளவுக்கு அந்தப் பள்ளியை மாற்றினார்கள். தீவின் மீன்பிடி, விவசாயம், முதியோர் பராமரிப்பு எல்லாமே பாடமானது. சில வருஷங்களில் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. பள்ளியை நம்பிக் குடும்பங்களும் வந்தன.

தென்கொரியாவின் கங்ஜின் பகுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019-இல் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர ஒரு குழந்தைகூட இல்லை. சிறு வயதில் பள்ளிக்கு அனுப்பப்படாத, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களை அழைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். எழுபது வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளியும் தப்பித்தது, அவர்களும் எழுத்துக் கற்றார்கள். ஆசிரியரான உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

வாசகர், சேலம்: கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன். ஐம்பது பேர் இருக்கும் ஊருக்கு ரோடு, கரண்ட், டாக்டர் என்று அரசு ஏன் செலவழிக்க வேண்டும்? எல்லாரையும் நகரத்தில் குடியேற்றிவிட்டால் செலவு மிச்சம்தானே?

இந்த யோசனையை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள், அதனால் என்ன ஆனது என்று சொல்ல முடியும்.

1951-இல் இங்கிலாந்தின் டரம் மாவட்ட நிர்வாகம் தன் சுரங்க ஊர்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்தது. ‘டி’ என்றால் எதிர்காலம் இல்லாத ஊர். முதல் பட்டியலில் 114 ஊர்கள். அங்கே புது வீடு கட்ட அனுமதி கிடையாது, புது முதலீடு கிடையாது, பழைய வீடுகளை வாங்கி இடிப்பார்கள். பல ஊர்களில் அப்போது சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது, ஜனங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகு வீட்டை யார் பழுது பார்ப்பார்கள், கடையை யார் திறப்பார்கள்? இருபது வருஷம் கழித்து அதே நிர்வாகம் வந்து பார்த்தால் ஊர் பாழாகத்தான் தெரியும், ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்பார்கள். விட்டன் பார்க் மாதிரி சில ஊர்களில் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1977-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். விட்டன் பார்க் இன்றும் இருக்கிறது. எதிர்காலம் இல்லை என்று 1951-இல் ஓர் அலுவலக மேசையில் எழுதப்பட்ட ஊர் அது!

நியூஃபவுண்ட்லாந்திலும் 1954-இலிருந்து 1975 வரை சுமார் 300 கடலோரக் குக்கிராமங்களிலிருந்து 30,000 பேரை இடம் மாற்றினார்கள். சிலர் மர வீட்டையே கடலில் மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். போன இடத்தில் வேலை தயாராக இருந்ததா என்றால், பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். அதே மாகாணத்தில் லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்ற தீவு. நண்டு பதப்படுத்தும் ஆலை மூடிய பிறகு, போவதா இருப்பதா என்று ஊரே வாக்களித்தது. இடப்பெயர்வுக்கு 90 சதவீதம் தேவை, கிடைத்தது 89.47. அந்த அரை சதவீதத்தால் உறவினர்களுக்குள்ளேயே மனஸ்தாபம் வந்தது. 2019-இல் மறுபடி வாக்கெடுப்பு, இந்த முறை ஒருமனதாகப் போக முடிவு செய்தார்கள். வீட்டுக்கு இரண்டரை லட்சம் கனடா டாலரும் அதற்கு மேலும் இழப்பீடு, டிசம்பர் 31-ஆம் தேதி மின்சாரம் நிறுத்தம். வலித்தாலும் அது அவர்களே எடுத்த முடிவு, கையில் பணமும் இருந்தது. உங்கள் ‘குடியேற்றிவிட்டால்’ என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் தகராறு அவ்வளவுதான்: குடியேற்றுகிறவர் யார், அவர்களைக் கேட்டாரா?

வாசகர், துபாய்: இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு தருகிறார்களாமே, நம்பி வாங்கலாமா?

தருவது நிஜம். சிசிலியின் சம்பூகா 2019-இல் 16 வீடுகளை ஒரு யூரோவிலிருந்து ஏலம் விட்டு உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. ஆனால் 5,000 யூரோ முன்பணம் கட்டி, மூன்று வருஷத்துக்குள் வீட்டைச் செப்பனிட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் முன்பணம் போச்சு. கூரை இறங்கிய கல் வீட்டை நிமிர்த்த எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இத்தாலியில் வீடு வாங்கினால் அங்கே வாழும் அனுமதி தானாக வந்துவிடாது, அதையும் பாருங்கள். எனக்கு இதில் இருக்கும் வருத்தம் வேறு. வருஷத்தில் இரண்டு மாதம் வந்து போகிறவர்களால் வீடு நிமிரும், கொத்தனாருக்கு வேலை கிடைக்கும், பள்ளிக்குக் குழந்தை வராது.

வாசகி, நாகர்கோவில்: வெளிநாட்டு அகதிகளை இந்தக் காலி ஊர்களில் குடியமர்த்தினால் இரண்டு பேருக்கும் நல்லதுதானே?

தென் இத்தாலியில் ரியாசே என்ற ஊர் இதைச் செய்தது. 1998-இல் குர்து அகதிகள் வந்த படகு ஒன்று அந்தக் கரையில் ஒதுங்கியது. ஊர்க்காரர்கள் மிலானுக்கும் வெளிநாடுகளுக்கும் போய், பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. தொமெனிகோ லுகானோ என்ற ஆசிரியர் அந்த வீடுகளைத் திறந்துவிடலாம் என்றார், 2004-இல் மேயரும் ஆனார். அகதிகள் குடியேற, நெசவு, கண்ணாடி, மட்பாண்டப் பட்டறைகள் திறந்தன, பள்ளியில் மறுபடி குழந்தைகள் வந்தார்கள். அரசின் உதவிப் பணம் தாமதமானதால் ஊருக்குள் மட்டும் செல்லும் கூப்பன்களை அச்சடித்தார்கள், அதில் காந்தி படமும் இருந்தது.

பிறகு அரசியல் மாறியது. 2018-இல் லுகானோ கைதானார், 2021-இல் 13 வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை என்றார்கள், 2023-இல் மேல்முறையீட்டில் பெரும்பாலான குற்றச்சாட்டுகள் விழுந்து, அது நிறுத்திவைக்கப்பட்ட 18 மாதத் தண்டனையாகக் குறைந்தது. 2024-இல் மக்கள் அவரை ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். திட்டம் நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் தலைநகரம் மனசு மாறினால், நேற்று வந்து வேர் விட்ட குடும்பம் என்ன செய்யும்?

வாசகர், ஊட்டி: சுற்றுலாவைக் கொண்டுவந்தால் எந்த ஊரும் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் என் நண்பர். சரியா?

யூபரியும் அப்படித்தான் நினைத்தது. தென்கொரியாவின் ஜொங்சொன் பகுதியில் சுரங்கங்கள் மூடியபோது மக்கள் தெருவில் இறங்கிப் போராடி, 1995-இல் தனிச் சட்டமே வாங்கினார்கள். அதன்படி 2000-இல் சூதாட்ட விடுதி திறந்தது. கொரியர்கள் உள்ளே போய் விளையாட அனுமதி உள்ள ஒரே விடுதி அதுதான். பணம் வந்தது, வேலையும் வந்தது, கூடவே தெரு முழுக்க அடகுக் கடைகளும் வந்தன. இத்தாலியின் சிவிதா தி பாஞ்ஞொரேஜோவில் நிரந்தரமாக வாழ்வது விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். 2013-இலிருந்து உள்ளே போகக் கட்டணம் வைத்து, அந்த வருமானத்தில் ஊராட்சி தன் உள்ளூர் வரியையே நீக்கியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் லட்சக்கணக்கில் ஆள் வந்து போயும் வாழ்கிறவர் எண்ணிக்கை ஏறவில்லை.

எனக்குப் பிடித்தது நியூஃபவுண்ட்லாந்தின் ஃபோகோ தீவு. அங்கே விஷயம் ஓட்டலில் தொடங்கவில்லை. 1967-இல், இடம் மாற்றப்படும் பட்டியலில் தங்கள் தீவும் வந்துவிடுமோ என்ற பயம் இருந்தபோது, கனடா திரைப்பட வாரியத்தின் காலின் லோ கேமராவோடு வந்தார். ஒன்றோடொன்று பேசாத குக்கிராமங்கள் அவை, மத வேறுபாடு வேறு. ஒரு ஊர்க்காரர் பேசியதைப் படம் பிடித்து அடுத்த ஊரில் போட்டுக் காட்டினார்கள். ‘நம்மைப் போலவேதான் இவர்களும் யோசிக்கிறார்கள்’ என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மக்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், படகு கட்டினார்கள், மீன் பதப்படுத்தும் ஆலைகளைத் தங்கள் கையில் எடுத்தார்கள். 1992 தடை வந்தபோது பக்கத்து ஊர்கள் சாய்ந்தும் இவர்கள் நண்டு, இறால் என்று மாறித் தாக்குப்பிடித்தது அந்தச் சங்கத்தால்தான். ஸீட்டா காப் என்ற அந்த ஊர்ப் பெண் வெளியே தொழில்நுட்பத் துறையில் சம்பாதித்துத் திரும்பி வந்து, 2013-இல் 29 அறைகள் கொண்ட விடுதியைத் திறந்தது பிறகுதான். அறை வாடகையில் எவ்வளவு யாருக்குப் போகிறது, எவ்வளவு தீவிலேயே தங்குகிறது என்று மருந்து டப்பாவில் போடுவதுபோல அச்சிட்டுத் தருகிறார்கள். மிச்சம் அறக்கட்டளைக்கு. உங்கள் நண்பரிடம் கேளுங்கள், ஊட்டியில் ஒரு அறைக்குக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு ஊட்டியில் தங்குகிறது என்று.

வாசகர், பெங்களூரு: என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. எங்கள் ஊரையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

பாதி சேர்ப்பேன். 1880-களில் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனி வந்ததிலிருந்து தமிழ்த் தொழிலாளிகள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் இறங்கி வேலை செய்த ஊர். சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியது. ஒரே தொழில், தொலைவில் எடுத்த முடிவு, தொழிலாளி வீடு யாருக்குச் சொந்தம் என்ற நீண்ட இழுபறி, தங்கம் பிரித்த பிறகு கொட்டி மலைபோலக் கிடக்கும் சயனைடு மண் என்று யூபரியின் சாயல் நிறைய உண்டு. ஆனால் தங்கவயல் காலியாகவில்லை. 2011 கணக்கெடுப்பிலும் 1,60,000-க்கு மேல் ஆட்கள். காரணம் பெங்களூரு 100 கிலோமீட்டரில் இருக்கிறது, விடியற்காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்ப முடிகிறது. யூபரியில் ரயிலை நிறுத்தினார்கள், இங்கே ரயில்தான் ஊரைப் பிடித்து வைத்திருக்கிறது. தினமும் பயணத்திலேயே நாலைந்து மணி நேரம் போகிறவர்களிடம் இதை ஒரு வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாணவி, திருவாரூர்: எங்கள் கிராமத்தில் பஸ் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு ஊரைக் கைவிட முடிவு செய்துவிட்டார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? என்ன செய்யலாம்?

முடியும் அம்மா. டரம் போலப் பகிரங்கமாகப் பட்டியல் போடுகிறவர்கள் அபூர்வம். பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். ‘தற்காலிகமாக’ ஒரு பஸ் நடை நிற்கும், அது திரும்பாது. செவிலியர் மாற்றலாகிப் போவார், அந்த இடம் நிரப்பப்படாது. பள்ளிக் கட்டடத்தின் பழுது மூன்று பட்ஜெட்டாகத் தள்ளிப்போகும். பஸ்ஸை வசதியில்லாத நேரத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் ‘ஆள் ஏறவில்லை’ என்று கணக்குக் காட்டுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம்.

ஸ்பெயினில் தெருயெல் என்ற மாகாணம், மாட்ரிட்டுக்கு நேரடி ரயில்கூட இல்லாத இடம், 1999-இல் ‘தெருயெலும் இருக்கிறது’ என்றே பெயர் வைத்து ஓர் இயக்கம் தொடங்கியது. 2019 மார்ச் 31-இல் காலியாகும் மாகாணங்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு மாட்ரிட்டில் பேரணி நடத்தினார்கள். அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரே ஒரு இடம் வென்றார்கள். 2020 ஜனவரியில் பெத்ரோ சான்செஸ் பிரதமராக 167-க்கு 165 என்று தேர்வானபோது, அந்த 167-இல் தெருயெலின் ஒரு வாக்கும் இருந்தது. இருபது வருஷம் விடாமல் கேட்டதற்குக் கிடைத்த இடம் அது.

உங்களுக்கு மாட்ரிட் வரை போக வேண்டாம், கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கட்டாயம் கூடும். அதற்கு முன்னால் ஒரு மாதம், எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், வராத நாள் எது என்று நீங்களும் தோழிகளுமாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அதைச் சபையில் வாசித்து, நிறுத்திய நடையைத் திரும்ப விடக் கோரித் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பக்கத்து இரண்டு ஊராட்சிகளையும் அதே நாளில் அதே தீர்மானத்தைப் போடச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பகுதியில் வெளியிடுகிறேன்.